அப்பலாச்சியன் பாதையில் பாம்பைக் கண்டால்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். அதில் நடக்கக் கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் கரடியைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்த மூச்சில் பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். பாம்பு விஷயத்தில் அவர்களுக்கு என்னால் நல்ல செய்தி சொல்ல முடிகிறது. பதினான்கு மாநிலங்களைக் கடக்கும் இந்தப் பாதையில் நஞ்சுள்ள பாம்புகள் இரண்டே இனம்தான். ஒன்று டிம்பர் ராட்டில்ஸ்நேக் எனப்படும் கிலுகிலுப்பை விரியன். மற்றது காப்பர்ஹெட். நாகமும் கட்டுவிரியனும் இந்தக் கண்டத்திலேயே இல்லை. தெற்குச் சதுப்பு நிலங்களில் வாழும் காட்டன்மவுத் என்ற நஞ்சுள்ள பாம்பு இந்த மலைகளுக்கு ஏறி வருவதில்லை. ஆகவே ஓடையில் நீந்தும் தடித்த பாம்பைப் பார்த்து "காட்டன்மவுத்!" என்று யாராவது அலறினால், அது பெரும்பாலும் சாதுவான தண்ணீர்ப் பாம்பாகவே இருக்கும்.

எனவே வழியில் வாழும் எல்லாப் பாம்புகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பத்தடி தூரத்திலிருந்தே ஐயமின்றிச் சொல்லத் தெரிந்தால் போதும். கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, இரண்டின் படங்களையும் விதவிதமான வெளிச்சத்தில், சருகுக்குள் பாதி மறைந்த நிலையில், குட்டியாகவும் வளர்ந்ததாகவும் நிறையப் பாருங்கள். பாதையில் பாம்பு எதிர்ப்படும்போது படிக்க நேரம் கிடைக்காது.

அதற்கு முன் சில பழைய விதிகளைக் கைவிடச் சொல்வேன். "முக்கோணத் தலை என்றால் விஷம்" என்பது முதலாவது. தண்ணீர்ப் பாம்பும் சாரை இனத்துக் கறுப்பு ராட் ஸ்நேக்கும் மிரண்டால் தாடையைப் பரப்பித் தலையை முக்கோணமாக்கிக் காட்டும். ஹாக்நோஸ் என்ற பாம்பு கழுத்தையே படம்போல விரித்துச் சீறும், அதற்கும் நாம் அசையாவிட்டால் மல்லாந்து வாயைப் பிளந்து செத்ததுபோல் நடிக்கும். "கண்மணி செங்குத்தாக இருந்தால் விஷம்" என்பது இரண்டாவது. இந்தப் பாதையில் அது உண்மைதான், ஆனால் கண்மணியைப் பார்க்கும் அளவுக்கு நெருங்கியவர் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறார். இருட்டில் அந்தக் கண்மணி விரிந்து வட்டமாகவும் தெரியும். வாலை ஆட்டி ஓசை எழுப்புவதும் சாட்சியாகாது. ராட் ஸ்நேக், ரேசர், மில்க் ஸ்நேக் மூன்றும் காய்ந்த சருகில் வாலை உதறி அதேபோன்ற ஒலியை எழுப்பும்.

நம்பத்தக்கது முதுகின் கோலம். காப்பர்ஹெட்டை அதை வைத்தே தீர்மானிக்கலாம். இளஞ்செம்மண் நிற உடல், செம்புத் தகடு போன்ற ஒரே நிறத் தலை. உடலில் குறுக்காக அடர்பழுப்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் உடுக்கை வடிவம்: விலாப்புறங்களில் அகலம், முதுகெலும்பின் மேல் இடுங்கல். இந்த இடுங்கல் எங்கே இருக்கிறது என்பதுதான் முழுச் சங்கதியும். காப்பர்ஹெட் என்று தவறாக எண்ணி அடித்துக் கொல்லப்படும் பாம்புகளில், தண்ணீர்ப் பாம்பு, மில்க் ஸ்நேக், ராட் ஸ்நேக் குட்டி ஆகிய மூன்றிலும் இது தலைகீழாக இருக்கும். அவற்றின் திட்டுகள் முதுகின் மேல் அகலமாகவும் விலாவை நோக்கிக் குறுகியும் போகும். மில்க் ஸ்நேக்கின் திட்டுகளுக்குக் கறுப்புக் கரையும் உண்டு. காப்பர்ஹெட் குட்டிக்கு வால்நுனி மட்டும் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும், புழுபோல அதை நெளித்து இரையை வரவழைக்கும். குட்டிக்கும் நஞ்சு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கிலுகிலுப்பை விரியனில் நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். மஞ்சள் உடலில் வளைந்த கறுப்புப் பட்டைகளோடு ஒரு வகை, கோலமே தெரியாத அளவு கருத்த ஒரு வகை, இரண்டும் ஒரே மலையில் வாழும். "கறுப்பாக இருக்கிறது, ராட் ஸ்நேக்தான்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நெருங்கிப் போவதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். வித்தியாசம் உடல்வாகில் இருக்கிறது. ராட் ஸ்நேக் நீண்டு மெலிந்தது, தோலில் மினுமினுப்பு, முகவாயில் வெள்ளை. விரியனோ தடித்துக் குறுகியது, கழுத்து மட்டும் சட்டென்று ஒடுங்கும், செதில்கள் மினுங்காமல் வெல்வெட் துணிபோல் ஒளியைக் குடித்துவிடும். எந்த நிற வகையானாலும் வால் கருமையாகவும், அதன் நுனியில் கிலுகிலுப்பையும் இருக்கும். அது நம் நகத்தைப் போலவே கெரட்டினால் ஆனது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு கணு கூடும், அவ்வப்போது உடைந்தும் போகும், ஆகவே கணுக்களை எண்ணி வயது சொல்ல முடியாது. முக்கியமாக, எல்லா விரியனும் ஒலி எழுப்பி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அசையாமல் கிடப்பதே அதன் முதல் பாதுகாப்பு.

அடையாளம் காண்பதைவிட எங்கே பார்ப்பது என்பது பெரிய வித்தை. பென்சில்வேனியாவின் கற்பாறைப் பகுதியில், பாதையின் குறுக்கே விழுந்து கிடந்த ஓர் ஓக் மரத்தருகே நின்று பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மரத்தின் மறுபக்கம் ஒரு விரியன் சுருண்டிருந்தது. தலையை மட்டும் உயர்த்தி, முகவாயை மரத்தண்டின் மேல் பதித்து வைத்திருந்தது. நாக்கு வெளியே வந்து போனதைத் தவிர அசைவே இல்லை. அது என்னைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. விழுந்த மரங்களின் மேல்தான் காட்டெலிகளும் அணில்களும் ஓடும். அந்த ஓட்டத்தின் அதிர்வுக்காகத்தான் இந்த இனம் இப்படி மரத்தில் முகவாயைச் சாய்த்து மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதனால், விழுந்த மரத்தை ஒரே எட்டில் தாண்டாதீர்கள். முதலில் அதன் மேல் ஏறி நின்று, மறுபக்கத்தைக் குனிந்து பார்த்து, பிறகு இறங்குங்கள். ஏறுவதற்கு முன்னும் நடைக்கோலால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.

வெயில் படும் பாறைத் திட்டுகள் அடுத்த இடம். சினையுற்ற பெண் விரியன்கள் கோடை முழுவதும் அங்கே வெயில் காய்ந்து, கோடை முடிவில் குட்டி போடும். பாறையைப் பிடித்து ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் கையை வைக்காதீர்கள். தங்கும் குடில்களில் சோற்றுப் பருக்கையும் நொறுக்குத்தீனித் தூளும் சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கோடை இரவுகளில் காப்பர்ஹெட் நடமாடும், எனவே கூடாரத்திலிருந்து கழிப்பறைக்கு நாலு எட்டுத்தான் என்றாலும் தலைவிளக்கை ஏற்றி, செருப்பில்லாமல் மூடிய காலணியோடு போங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்தக் கவனம் வேண்டும். வடக்கே போகப் போக அச்சம் குறையும், மெய்ன் மாநிலத்தில் இப்போது நஞ்சுள்ள பாம்பே இல்லை.

பாம்பைக் கண்டுவிட்டால் நின்றுவிடுங்கள். சுற்றிலும் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தபடி பின்வாங்குங்கள். இரண்டு மீட்டர் இடைவெளியாவது வேண்டும், நான் அதற்கும் இரண்டு மடங்கு விடுவேன். விரியன் தன் உடல் நீளத்தில் பாதி தூரம் வரை பாயக்கூடும். வழி விட்டால் பெரும்பாலும் தானாகவே நகர்ந்துவிடும். நகராவிட்டால் திறந்த பக்கமாகச் சுற்றிப் போகலாம், ஆனால் புதருக்குள் புகுந்து சுற்றாதீர்கள். பொறுமையாகக் காத்திருப்பது அதைவிட நல்லது. கல்லெறிவது, கோலால் தள்ளுவது, படமெடுக்க நெருங்குவது மூன்றையும் நான் மன்னிப்பதில்லை. பெண் விரியன் முதல் ஈற்றுக்கு வர ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும், அதன் பின்னும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். ஒன்றைக் கொன்றால் ஒரு மலைச்சரிவின் பல ஆண்டுகள் போகின்றன. நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் அது அருகிவரும் இனமாகச் சட்டப் பாதுகாப்பிலும் இருக்கிறது.

கடித்துவிட்டால்? முதலில் பாம்பிடமிருந்து விலகுங்கள். வீக்கம் ஏறுவதற்கு முன் மோதிரம், கடிகாரம், இறுக்கமான காலுறையைக் கழற்றுங்கள். வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு நேரத்தையும் எழுதுங்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள், சிக்னல் இல்லையென்றால் சாட்டிலைட் கருவியின் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியப் பாம்புகளுக்குச் சொல்லப்படும் இறுக்கமான கட்டும் இங்கே பொருந்தாது, இந்த விரியன்களின் நஞ்சு சதையையே அழிப்பது. உதவி வரும் வழியே இல்லையென்றால் மெல்ல நடந்து வெளியேறுங்கள். கடித்த பாம்பைத் தேடிப் பிடிக்கவே வேண்டாம். இங்குள்ள மருத்துவமனைகளில் இரண்டு இனங்களுக்கும் ஒரே முறிமருந்துதான் கொடுப்பார்கள். வெட்டப்பட்ட தலைகூட வெகுநேரம் வரை கடிக்கும். வலி குறைவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

பாம்பைக் கடந்து வந்த பிறகு, எதிரே வருகிறவர்களிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள், அடுத்த குடிலின் குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள். ஆனால் பாறைத் திட்டில் பல விரியன்கள் சேர்ந்து வெயில் காய்வதைக் கண்டால், அந்தப் படத்தை இணையத்தில் போடுவதற்கு முன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். அவற்றைப் பிடித்து விற்பவர்களும் இணையத்தில் அந்தப் படங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.