கூரியர் பெட்டியில் பார்சல் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கூரியர் கடை வாசலில், பூட்டிய ஷட்டருக்கு முன்னால் இருந்த பெட்டிக்குள் ஒரு தம்பி நாலு பார்சலைத் திணித்துக்கொண்டிருந்தார். ஆன்லைனில் ஜவ்வரிசி வத்தல் விற்க ஆரம்பித்திருக்கிறாராம். ரசீது எங்கே என்று கேட்டேன். "ஆப்பிலேயே ட்ராக்கிங் நம்பர் வந்திருச்சுண்ணா, அது போதும்ல?" என்றார். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பின்கோடு தப்பு, டேப்பு பத்தவில்லை என்பதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம்பர் வந்ததும் ஒப்படைத்தாயிற்று என்று நினைப்பது

வீட்டில் உட்கார்ந்து லேபிள் எடுக்கும்போதே நம்பர் வந்துவிடுகிறது. அப்போது பார்சல் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. கூரியர் ஆள் அதைக் கையில் எடுத்து முதல் ஸ்கேன் போடும்வரை, பொருள் அவர்களிடம் வந்ததற்கு ஒரு சாட்சியும் கிடையாது. பெட்டிக்குள் கிடக்கும் அந்த நேரத்தில் தொலைந்தால், நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

எனக்கு அப்படிப் போனது அம்மாப்பேட்டைத் தறியில் நெய்த வெண்பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும். சென்னையில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்காகக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பார்சல் கொண்டுபோனேன். பெட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது, அழுத்திப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஞாயிறு எடுக்க ஆள் வரவில்லை. திங்கட்கிழமை இரண்டு பார்சலுக்கு ஸ்கேன் விழுந்தது, வேட்டிக்கு விழவில்லை. "எங்க கைக்கு வரவே இல்லை" என்றார்கள். மறுத்துப் பேச என்னிடம் ரசீதும் இல்லை, போட்டோவும் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க, இங்கேயே கடையில பாத்துக்கறோம்" என்றார். இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

அதனால் கடை திறந்திருக்கும்போது போங்கள். கையில் கொடுத்து, கண்ணெதிரே ஸ்கேன் போடச் சொல்லி, ரசீது வாங்குங்கள். பெட்டியைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், கடைசி வண்டி எடுத்துப்போவதற்கு முன், மறுநாள் விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள். லேபிள் தெரிய, பெட்டி வாயில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். மறுநாள் மதியத்துக்குள் ஸ்கேன் விழவில்லையா, உடனே புகார் கொடுங்கள். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும்.

நிரம்பிய பெட்டியில் திணிப்பது

நல்ல பெட்டியில் மூடியோடு ஒரு தட்டு சேர்ந்து சாயும். மூடினால் பார்சல் கீழே விழுந்துவிடும், வெளியிலிருந்து கை போகாது. பெட்டி நிரம்பிவிட்டால் அந்தத் தட்டு முழுதாகச் சாயாது. போட்ட பிறகு மூடியை மறுபடி திறந்து பாருங்கள். அன்றைக்கு அந்தத் தம்பியின் நாலாவது பார்சலில் ஒரு மூலை வெளியே தெரிந்தது. இரண்டு விரலால் இழுத்தேன், வந்துவிட்டது. அவர் அதை வாங்கி, ஒன்றும் பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெயிலையும் மழையையும் மறப்பது

சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டி கொதிக்கும், சூட்டில் அச்சாகும் தெர்மல் லேபிள் கறுத்துப்போகும். ஏற்காட்டு மழையிலோ இங்க்ஜெட் மை கரைந்து ஓடும். முகவரியையும் போன் நம்பரையும் பேனாவில் எழுதி பார்சலுக்கு உள்ளேயும் ஒரு சீட்டு வையுங்கள்.

மலையிலிருந்து அனுப்புபவர்கள்

பெட்டியில் ஒட்டியிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய வண்டி, மழை என்றால் சீக்கிரமே கிளம்பிவிடும். கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக் கொலுசு

பெட்டியில் போடவே போடாதீர்கள். தபால் நிலையத்தில் மதிப்பைச் சொல்லி, இன்ஷூர் செய்து அனுப்புங்கள்.