கடைக்கு வெப்சைட் போடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

வெப்சைட் போடலாம் என்று ஒரு கடைக்காரர் முடிவெடுத்ததும் முதல் பேச்சு நிறத்தைப் பற்றித்தான் நடக்கும். பச்சையா மஞ்சளா, லோகோ சுற்ற வேண்டுமா, எதிர்க்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரியே வேண்டுமா என்று ஒரு வாரம் ஓடும். நிறம் பிடிக்காவிட்டால் அரை நாளில் மாற்றிவிடலாம். இது யார் பெயரில் இருக்கப் போகிறது, தினமும் யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் தொடங்கினால்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறோம்.

பேச்சுக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறார்கள். உள்ளூர் வாடிக்கை இருக்கிறது. சென்னை, பெங்களூர் போய்விட்ட பழைய வாடிக்கையாளர்கள் போனில் ஆர்டர் சொல்கிறார்கள். "வெப்சைட் இருந்தா அதுலயே போட்டுக்குவமுங்க" என்று யாரோ சொல்ல, கடைக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது.

பெயர் யாருடையது?

வெப்சைட் செய்து கொடுப்பவர், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்" என்பார். வெப்சைட்டின் முகவரிப் பெயரான டொமைனைத் தன் கணக்கில், தன் ஜிமெயிலில் வாங்கிவிடுவார். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அவருக்கு அதுதான் சுலபம். இரண்டு வருடம் கழித்து அவர் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார், நம்பர் மாறியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குத்தான் போகும், ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகும். நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் தரகர் பெயரில் பதிவு செய்த கதைதான் இது.

கடைக்கென்று ஒரு மெயில் முகவரி தொடங்குங்கள். முதலாளியின் மொபைல் நம்பரைக் கொடுத்து, டொமைனையும், வெப்சைட்டை வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங்கையும் நீங்களே வாங்குங்கள். அரை மணி நேர வேலை, கார்டோ யு.பி.ஐ.யோ போதும். செய்து கொடுப்பவருக்குத் தனியாக ஒரு லாகின் கொடுக்கலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே, வெப்சைட்டை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அட்மின் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஏற்கெனவே அடுத்தவர் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே டொமைனுக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறக்கச் சொல்லி, இடம் மாற்றுவதற்கான குறியீட்டை வாங்கி, உங்கள் கணக்குக்கு நகர்த்திவிடுங்கள். .காம் பெயரைப் பதிவு செய்த முதல் 60 நாளில் டொமைன் விற்கும் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

.காம் பெயர் காலாவதியானால் அன்றைக்கே கைவிட்டுப் போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகத் தண்டம் கட்ட வேண்டும். அதுவும் முடிந்தால் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவில் சில நிறுவனங்கள் ஏலமும் விடுகின்றன. வாங்கும்போது முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலை பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

இலவச முகவரியை நம்பிப் போனவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கூகுள் தன் பிசினஸ் ப்ரொஃபைலோடு ஒரு இலவச வெப்சைட்டும் கொடுத்து வந்தது. சின்னக் கடைகள் பல அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் கேரி பேக்கிலும் அச்சடித்தன. 2024 மார்ச்சில் கூகுள் அதை மூடிவிட்டது. பெயர் சொந்தமாக இருந்திருந்தால் பின்னால் இருக்கும் வெப்சைட்டை மட்டும் மாற்றியிருக்கலாம், கேரி பேக் அப்படியே செல்லும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது போனில் சொல்லிப் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவோம். செக்குக்கு சி போட்டு எழுதுபவர் உண்டு, எஸ் போட்டு எழுதுபவர் உண்டு, கே ஒன்றா இரண்டா என்ற குழப்பமும் உண்டு. ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். குழப்பம் வரும் பெயர்தான் வேண்டும் என்றால் இரண்டு எழுத்துமுறையிலும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். தமிழ் எழுத்திலேயே .இந்தியா முகவரியும் கிடைக்கும். கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் போர்டில் எழுத அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

எண்ணெய் வாங்க வருபவர் கேட்பது நாலைந்து விஷயம்தான். லிட்டர் என்ன விலை, என்றைக்கு ஆட்டியது, எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாளாகும், இன்றைக்குக் கடை உண்டா. முதல் பக்கத்தில் இவற்றுக்குப் பதில் இல்லாமல், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய 'எங்கள் தொலைநோக்கு', 'எங்கள் இலட்சியம்' இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்று போடுவது இன்னொரு வியாதி. போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்று பயம். போட்டிக்காரர் ஒரு ஆளை அனுப்பி விலை கேட்டுக்கொள்வார். அழைக்கச் சங்கடப்படுகிற வாடிக்கையாளர்தான் அடுத்த கடைக்குப் போவார்.

சட்டப்படி இருக்க வேண்டியவற்றைப் பலர் கடைசியில், பேமென்ட் கேட்வே விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் தேடுகிறார்கள். பணம் திருப்பும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமைக் கொள்கை, தொடர்பு முகவரி ஆகியவற்றுக்குப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் கேட்வே நிறுவனத்தார் கணக்கைத் திறப்பார்கள். வேறொரு கடையின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, அந்தக் கடையின் பெயரையே மாற்ற மறந்தவர்களும் இருக்கிறார்கள். பொட்டலப் பொருள் என்பதால் எம்.ஆர்.பி., நிகர அளவு, தயாரிப்பாளர் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் பொருளின் பக்கத்திலேயே தெரிய வேண்டும். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம எண் வேண்டும், 14 இலக்கம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைகேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் அந்த அலுவலர் முதலாளியாகவோ அவர் மனைவியாகவோ இருக்கலாம், பரவாயில்லை.

செக்கு எண்ணெய் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'சர்க்கரை குறையும்', 'மூட்டுவலி தீரும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து வெப்சைட்டில் போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. வாயால் சொன்னது காற்றோடு போகும். வெப்சைட்டில் எழுதியதை யாரும் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

போட்டோவுக்குப் பெரிய கேமரா வேண்டாம், போனில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துதான் போய்ச் சேரும், டாக்குமென்டாக அனுப்புங்கள். செய்பவர் அதை 200 கே.பி.க்குள் சுருக்கிப் போட வேண்டும். போனில் எடுத்த நாலு எம்.பி. படத்தை அப்படியே ஏற்றினால் பஸ்ஸில் போய்க்கொண்டே பார்ப்பவருக்குப் பக்கம் திறப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

தமிழ் எழுத்தில் வரும் வம்பு

நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து பழைய வாசகங்களை வாங்கி ஒட்டுவார்கள். அது பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டியதாக இருந்தால், வெப்சைட்டில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். உடனே ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள்: தமிழ் வரிகளை எல்லாம் படமாக்கிப் போட்டுவிடலாம். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கூகுளில் தேடுபவருக்கு அந்த வரி கிடைப்பது சந்தேகம், பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டாது, விலை மாறினால் படத்தையே மறுபடி செய்ய வேண்டும். எல்லா போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் தட்டச்சு செய்துதான் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் கொம்பும் சுழியும் மேல் வரி கீழ் வரியோடு உரசும். தமிழ் வாசிக்கிற ஒருவர் போனில் திறந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

விற்கவா, விசாரிக்கவா

எடுத்த எடுப்பிலேயே கார்ட் (பொருளைப் போட்டுப் பணம் கட்டும் ஆன்லைன் கூடை), கூப்பன், பாயின்ட் என்று போக வேண்டாம் என்பது என் கட்சி. முதல் ஆறு மாதம் விலைப்பட்டியலும் வாட்ஸ்அப் பொத்தானும் போதும். எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள், எத்தனை லிட்டர் கேட்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆன்லைனில் விற்பதற்கு முன் கூரியர் கணக்கைப் போடுங்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். பாட்டில், குமிழ் உறை, அட்டைப்பெட்டி சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அரைக் கிலோ அடுக்காகக் கட்டணம் வாங்கும் கூரியரில் ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டு லிட்டரைச் சேர்த்து அனுப்பினால் லாபமா, ஐந்து லிட்டர் டின்னாக அனுப்பினால் லாபமா என்று முதலிலேயே பார்த்து, அந்த அளவுகளை மட்டும் விற்பனைக்கு வைக்கலாம். திரவத்தை எல்லா கூரியரும் எடுப்பதில்லை என்பதும் பணம் வாங்கிய பிறகு தெரிய வேண்டிய செய்தி அல்ல.

பெங்களூருக்கு அனுப்புவது என்றால் அது வெளிமாநில விற்பனை. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்க ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்; சில கைவினைப் பொருள்களுக்குத்தான் விலக்கு. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. 'இந்தியா முழுவதும் டெலிவரி' என்று பேனர் போடுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில தொழிலில் ஆன்லைன் ஆர்டருக்கே இடமில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் கார்ட் வைத்த வெப்சைட்டுக்குப் பணம் கொடுத்தால், வாங்கவே கூடாத ஆர்டரை வாங்குவதற்குச் செலவு செய்கிறார்.

திறக்கும் நாள்

நல்ல நாள் பார்த்துத் திறப்பதில் தவறில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் திறக்காதீர்கள். பலகாரத்துக்கு எண்ணெய் கேட்டு வாசலில் கூட்டம் நிற்கும்போது வெப்சைட்டின் கோளாறை யார் பார்ப்பது? பத்து நாள் முன்பே சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு, சோதித்து முடித்து, விஜயதசமி அன்றைக்குத் தேங்காய் உடையுங்கள்.

சோதிப்பது என்றால் கடையிலேயே விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் கையில் கொடுத்து ஒரு லிட்டர் ஆர்டர் போடச் சொல்வது. கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள். பணம் கட்டி, ரசீது வந்து, பிறகு அந்த ஆர்டரை ரத்து செய்து பணம் திரும்பி வரும் வரை பாருங்கள். தொடர்புப் படிவத்தை நிரப்பினால் மெயில் வருகிறதா, ஸ்பாமில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் போய்வரும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் போடவில்லை என்று அர்த்தம். குரோம் 2018 ஜூலையிலிருந்தே அப்படி முத்திரை குத்துகிறது. சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, அடிக்கடி நடப்பது. வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. வேலை நடக்கும்போது அதை டிக் செய்து வைப்பார்கள், திறக்கும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். 'வெப்சைட் போட்டு நாலு மாசமாச்சு, கூகுள்ல வரவே இல்ல' என்று புலம்புபவர்கள் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் பார்க்கலாம். பழைய வெப்சைட்டை மாற்றிப் புதிது போடுபவர்கள், பழைய பக்க முகவரிகள் புதியவற்றுக்குத் திரும்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருடம் கூகுளில் வந்துகொண்டிருந்த பக்கங்கள் எல்லாம் 'இல்லை' என்று சொல்லும்.

திறந்த பிறகு யார் பார்ப்பது என்ற கேள்வி எண்ணெய்க் கடையில் விலையில்தான் வந்து நிற்கும். 2025-இல் கொப்பரை விலை ஏறிய வேகத்தில் தேங்காய் எண்ணெய் விலையைக் கடைப் பலகையில் திரும்பத் திரும்ப அழித்து எழுத வேண்டியிருந்தது. வெப்சைட்டில் பழைய விலையே நின்றிருந்தால், பார்த்து ஆர்டர் போட்டவரிடம் போனில் கெஞ்ச வேண்டும், இல்லை நட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டால் அவர் இரண்டு நாள் கழித்துச் செய்வார், அதற்குத் தனியாகக் காசும் கேட்பார். அதனால் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அவரைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். கல்லாவில் உட்காருபவர் தன் போனிலிருந்து, யார் உதவியும் இல்லாமல், கடலை எண்ணெய் விலையை மாற்றிக் காட்டட்டும். டொமைன், ஹோஸ்டிங் பாஸ்வேர்டுகளை அங்கேயே மாற்றி, வெப்சைட்டின் பேக்அப் ஒன்றைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, பிறகு காசைக் கொடுங்கள்.