கூடைப்பந்து ஆடும்போது முட்டி உள்ளே சாய்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயங்காலம் சிமென்ட் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் முட்டி வலித்தால் முதலில் வாங்குவது நீ கேப் (முட்டியில் மாட்டும் இறுக்கமான உறை). அது மூட்டைச் சூடாக வைக்கும், கொஞ்சம் தைரியமும் தரும். ஆனால் முழங்கால் எந்தத் திசையில் மடங்குகிறது என்பதை மாற்றாது. சிக்கல் பல நேரம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து) எடுத்து இறங்கும்போது, முன்பக்கமிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லி ஸ்லோ மோஷனில் பாருங்கள். பாதத்தின் இரண்டாவது விரல் இருக்கும் திசையில் முட்டி மடங்கினால் சரி. இரண்டு முட்டிகளும் உள்பக்கம் சாய்ந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அப்படிச் சாயும்போது ஏசிஎல் லிகமென்ட் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழியலாம்; அதற்கு யாரும் வந்து இடிக்கத் தேவையில்லை. 2012 ஏப்ரலில் சிகாகோ புல்ஸ் வீரர் டெரிக் ரோஸுக்கு இடது முழங்காலில் அது கிழிந்தபோது யாரும் அவர்மேல் மோதவில்லை. பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். பயிற்சியாளர்கள் பலர் இதைப் பேசுவதே இல்லை.

"முட்டியை வெளியே தள்ளு" என்று கத்துவதால் மட்டும் இது சரியாகாது. இடுப்பும் கணுக்காலும் இழுக்கிற பக்கம் முட்டி போகும், அவ்வளவுதான். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருந்தால் தொடை உள்பக்கம் திரும்பும். அப்புறம் கணுக்கால். பழைய சுளுக்கை அரைகுறையாக விட்டவர்களுக்கு அது இறுகியிருக்கும். சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளிக் கால் விரலை வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லையென்றால் கணுக்காலுக்கு வேலை இருக்கிறது. இடுப்புக்கு, கால்களைச் சுற்றி உடற்பயிற்சி ரப்பர் பேண்ட் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பதும், கண்ணாடி முன் ஒற்றைக்கால் ஸ்குவாட்டும் (முட்டி மடக்கித் தாழ்ந்து எழுவது) போதும். ஒரு வாரத்தில் பலன் தெரியாது, விட்டுவிடாதீர்கள்.

இறங்கும்போது 'தொப்'பென்று சத்தம் கேட்கிறதா? காலை விறைப்பாக வைத்து இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். இடுப்பைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கிப் பழகுங்கள். டிஃபென்ஸிலும் இதே கதைதான்: முதுகை மட்டும் வளைத்துக் குனிந்துவிட்டு, தாழ்ந்து நிற்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்குவாட்டில் முட்டி கால் விரலைத் தாண்டவே கூடாது என்பது ஜிம்முக்கு ஜிம் சுற்றும் கதை. குதிகால் தரையில் இருந்து, முட்டி நேராகப் போனால் தாண்டலாம். வலுக்கட்டாயமாகத் தடுத்தால் பாரம் இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். ரன்னிங் ஷூவும் வேண்டாம். அது நேராக ஓடத்தான், பக்கவாட்டில் வெட்டித் திரும்ப அல்ல.

முட்டிச் சில்லுக்குக் கீழே வலித்தால் அது அளவுக்கு மீறிக் குதித்த வலியாக இருக்கலாம். ஆட்டத்தைக் குறைத்து, தொடைத் தசையை மெல்ல மெல்லப் பலப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும். 'டப்'பென்ற சத்தத்தோடு சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினால் கதை வேறு. எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள், நாட்டுக்கட்டு போடாதீர்கள். எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்கும்வரை கோர்ட் பக்கமே போக வேண்டாம், வீக்கம் தானாக வடிந்தாலும்கூட.