புது போன் வாங்கியதும் மாற்ற வேண்டிய நான்கு அமைப்புகள்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் எங்கள் மதினி போன வாரம் புது போன் வாங்கினார். அப்பளக் கட்டின் லேபிளில் அவருடைய நம்பர்தான் இருக்கிறது. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். "நான் செட்டிங்ஸ் எதையும் தொடவே இல்ல, அப்போ பயமில்லல்லா?" என்று கேட்டார். தொடாமல் விடுவதில்தான் சிக்கல். நாம் தொடுவதற்கு முன்பே பல தேர்வுகளை நிறுவனம் நமக்காகச் செய்து வைத்திருக்கிறது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் தனக்குத் தோதானதைத்தானே வைக்கும்? பெரும்பாலோர் அதை மாற்றுவதும் இல்லை.

படி 1: வாட்ஸ்அப்

அமைப்புகள், தனியுரிமை, அப்புறம் குழுக்கள். அங்கே 'அனைவரும்' என்று இருந்தால், உங்கள் நம்பர் தெரிந்த எவரும் உங்களைக் கேட்காமலே ஒரு குழுவில் சேர்க்கலாம். குழுவில் இருக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் உங்கள் நம்பர் போய்விடும். லேபிளில் நம்பர் அச்சடித்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'எனது தொடர்புகள்' என்று மாற்றுங்கள். மற்றவர்கள் அழைப்புதான் அனுப்ப முடியும். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அதே பக்கத்தில் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்பதையும் பாருங்கள். மதினி மகளின் படத்தை வைத்திருந்தார். இப்போது அங்கே அப்பளக் கட்டு இருக்கிறது.

படி 2: இருப்பிடம்

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் இருப்பிடம், ஆப் அனுமதிகள். 'எப்போதும்' என்ற பட்டியலில் இருப்பவற்றை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். ஆட்டோ கூப்பிடும் ஆப்புக்கு நீங்கள் வண்ணார்பேட்டையில் எந்த முக்கில் நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்கு அம்பாசமுத்திரம் பக்கம் என்றாலே போதும். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் தனியாக அணைக்கலாம்.

படி 3: விளம்பர ஐடி

வெவ்வேறு ஆப்கள் உங்களை ஒரே ஆள் என்று அடையாளம் காண உதவும் எண் இது. அமைப்புகளில் கூகுள், விளம்பரங்கள் என்று போய் நீக்கிவிடுங்கள். விளம்பரம் நிற்காது, ஆனால் இந்த எண்ணை வைத்து உங்களைத் தொடர முடியாது. ஐபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற நிறுவனங்களின் ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் ஆப் முதலில் அனுமதி கேட்க வேண்டும். எல்லாப் போனிலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது நாமே தெளிவாகச் செய்யும் செயலாக இருக்க வேண்டும் என்கிறது.

படி 4: கூகுள் கணக்கு

தரவு மற்றும் தனியுரிமைப் பக்கத்தில் வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி இருக்கும். கூகுளில் நீங்கள் தேடியதையும் செய்ததையும் சேர்த்து வைக்கும் பதிவு அது. அணைக்க மனமில்லை என்றால், தானாக அழியும் காலத்தை 3 மாதமாக வையுங்கள்.

போன் மாற்றும்போது மறுபடியும் ஒருமுறை இந்த நான்கையும் பாருங்கள்.