புரோஸ்டேட் ஸ்கேன்கள்: எதை முதலில் எடுப்பது, எதோடு சேர்த்துப் பார்ப்பது

அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பி வெளிவிடும் ஒரு புரதம்) கூடியிருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும், கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது "ஆகப் பெரிய ஸ்கேன் எது, எங்கே எடுக்கலாம்" என்பதைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ அவரைக் கூட்டி வந்து, நிபுணரைச் சனல் பண்ணுவதற்கு முன்பே ஸ்கேனுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். பாசம் புரிகிறது. ஆனால் ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயில் எந்தப் படமும் தனியே நின்று முடிவு சொல்லாது. எதற்குப் பிறகு எதை எடுத்தோம், எதோடு எதைச் சேர்த்துப் பார்த்தோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

பெரும்பாலும் பிழைப்பது வரிசைதான். அவசரப்பட்டுப் பயொப்சி (ஊசியால் சுரப்பியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) செய்துவிட்டு, அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவார்கள். ஊசி குத்திய இடங்களில் கசிந்த இரத்தம் சுரப்பிக்குள் வாரக்கணக்கில் நிற்கும். படத்தில் அது புற்றுநோயைப் போலவும் தெரியலாம், இருக்கும் கட்டியை மறைக்கவும் செய்யலாம். அதனால்தான் குறைந்தது 6 முதல் 8 வாரங்கள் பொறுக்கச் சொல்வார்கள். முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் இந்தக் காத்திருப்பே இல்லை. 2017 இல் லான்செட் இதழில் வந்த பிரித்தானிய ஆய்வு ஒன்றில், கவனிக்க வேண்டிய புற்றுநோய்களில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது, அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செய்யும் வழமையான பயொப்சிக்கு அகப்பட்டவை 48 சதவீதம்தான். எம்.ஆர்.ஐ.யில் குறித்த இடத்தை நேரடி அல்ட்ராசவுண்ட் படத்தின் மேல் பொருத்தி, அந்த இடத்துக்கே ஊசியைச் செலுத்தும் முறையும் இருக்கிறது. அதற்கும் எம்.ஆர்.ஐ. முன்னால் வந்திருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "பி-ராட்ஸ் 4" என்று பார்த்ததும், "நாலாம் ஸ்டேஜாம்" என்று குடும்ப வட்சப் குழுவில் செய்தி பறக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பி-ராட்ஸ் என்பது 1 முதல் 5 வரையான சந்தேகப் புள்ளி; சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் அங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் சொல்கிறது. 4 வந்தவருக்குப் பயொப்சியில் ஒன்றும் இல்லாமல் போகலாம். நோய் எவ்வளவு தீவிரமானது என்பதைப் பயொப்சியின் கிளீசன் புள்ளி சொல்லும். எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது வேறு கேள்வி.

அந்தப் பரவல் கேள்விக்குத்தான் பெட்-சி.டி., அதாவது கதிரியக்க மருந்தை உடம்பில் ஏற்றி, அது சேரும் இடங்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன். இங்கே கவனிக்க வேண்டியது, உடம்பில் ஏற்றும் மருந்து எது என்பது. மற்றப் புற்றுநோய்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை மருந்து இங்கே அவ்வளவாக உதவாது. புரோஸ்டேட் புற்றுநோய் பொதுவாகச் சர்க்கரையைக் குறைவாகவே இழுக்கும். போதாததற்கு அந்த மருந்து சிறுநீர்ப்பையில் தேங்கிப் பக்கத்துச் சுரப்பியை மறைக்கும். இதற்கென்றே வந்தது பி.எஸ்.எம்.ஏ. பெட்; புரோஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் அதிகமாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தில் போய் ஒட்டும் மருந்தை இதில் கொடுப்பார்கள். அவுஸ்திரேலியாவில் 302 பேரிடம் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வில் அதன் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். அதற்காக எல்லோருக்கும் இது வேண்டும் என்றில்லை. ஆபத்துக் குறைந்த சிறு கட்டிக்கு இந்தச் செலவு வீண் என்பதே என் எண்ணம்.

பி.எஸ்.எம்.ஏ. படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுநீரகமும் எப்போதும் ஒளிரும். பழைய விலா எலும்பு முறிவும் ஒளிரலாம். மறுபக்கம், சில புரோஸ்டேட் புற்றுநோய்கள் இந்த மருந்தைப் பிடிப்பதே இல்லை. எம்.ஆர்.ஐ.யையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் தவறவிடுவது குறையும், ஆனால் வீண் சந்தேகங்கள் கூடும்.

சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் படங்கள் கையில் இருக்க வேண்டுமே! எம்.ஆர்.ஐ. ஓரிடத்தில், பெட் இன்னோரிடத்தில். சென்னைக்குப் போய் எடுத்து வருபவர்களும் உண்டு. கடைசியில் மகரகமவில் உள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்‌ஷா கிளினிக்கில் வைத்தியருக்கு முன்னால் நீட்டுவது, போனில் எடுத்த இரண்டு பக்க ரிப்போர்ட்டின் படம். அதை வைத்து ஒரு படத்தை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க முடியாது. படங்கள் பதிந்த சீடியைக் கேட்டு வாங்குங்கள், பழையதையும் கொண்டு போங்கள்.

சொல்லாமல் விடும் விஷயங்களும் உண்டு. சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் மாதிரியான மாத்திரையைப் பல மாதங்கள் எடுப்பவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பாதியாகக் காட்டும். ஹார்மோன் ஊசி தொடங்கியிருந்தால் பெட் படமும் மாறலாம். பேஸ்மேக்கரோ செயற்கை இடுப்பு மூட்டோ இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு நாள் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பெட் எடுத்த அன்று, வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் சில மணி நேரம் பக்கத்தில் இருக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை; பி.எஸ்.எம்.ஏ. பெட்டுக்குப் பயன்படும் கல்லியம்-68 மருந்தின் கதிர்வீச்சு 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். காலையில் எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.