மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இலக்கணம் சொல்லித்தர ஒரு பூனைக் கதை

முதலில் விளக்கத்தை ஒப்பிக்க வைப்பதை நிறுத்துங்கள். பெயர்ச்சொல் என்றால் என்ன என்று மூச்சுவிடாமல் சொல்கிற பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து இதில் எது பெயர்ச்சொல் என்று கேட்டால் முழிக்கும். நம்ம ஊரில் நடக்கிற மாதிரி நாலைந்து வரிக் கதை இருந்தால் போதும், எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

இதை எழுதிக்கொள்ளுங்கள்: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் பாட்டி மீன் வாங்கினாள். கூடையைக் கீழே வைத்தாள். ஒரு பூனை மீனைக் கவ்வியது. பாட்டி துரத்தினாள். பூனை படகுக்கு அடியில் நுழைந்தது. அங்கே குட்டிகள் இருந்தன. பாட்டி சிரித்தாள்.

பாட்டி, பூனை, குட்டிகள் எல்லாரும் கதைமாந்தர். பூனை எப்படி மாந்தர் ஆகும் என்று கேட்பார்கள், கதைக்குள் வந்துவிட்டால் பூனையும் மாந்தர்தான் என்று சொல்லிவிடுங்கள். துறைமுகமும் விடியற்காலையும் களம். சிக்கல் எது என்றால் 'பூனை' என்பார்கள். மீன் பறிபோனதுதான் சிக்கல் என்று பிரித்துக் காட்டுங்கள். குட்டிகளைப் பார்ப்பது திருப்பம், சிரிப்பது முடிவு.

அப்புறம் சொற்கள். பெயர்ச்சொல் ஆறு வகை: பொருள், இடம், காலம், சினை (அதாவது உறுப்பு), குணம், தொழில். கூடை, துறைமுகம், விடியற்காலை என்று முதல் மூன்றும் கதையிலேயே இருக்கின்றன. சினைக்கு மீனின் செதில், வால். குணத்துக்குப் பூனையின் கருமை. தொழிற்பெயரில்தான் தடுமாறுவார்கள், ஏனென்றால் 'சிரிப்பு' என்பது ஒரு செயல்தானே, அப்போ வினைச்சொல்தானே என்று தோன்றும். காலம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிரித்தாள், சிரிக்கிறாள், சிரிப்பாள் என்று காலம் மாறினால் வினை. 'சிரிப்பு' காலம் காட்டாது, 'சிரிப்பை அடக்கினாள்' என்று 'ஐ' ஒட்டிக்கொள்ளும், அதனால் பெயர்.

எழுவாய்க்கு யார், எது என்றும், செயப்படுபொருளுக்கு யாரை, எதை என்றும் கேட்கப் பழக்குங்கள். இந்தக் கதையில் வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் பயனிலை. 'மீன் வாங்கினாள்' என்பதில் 'ஐ' கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எதை வாங்கினாள் என்று கேட்டால் மீனை என்று பதில் வந்துவிடும். 'கூடையைக் கீழே வைத்தாள்' என்பதில் எழுவாயே இல்லையே என்று ஒரு சுட்டிப் பிள்ளை நிச்சயம் கேட்கும். வைத்தாள் என்பதில் உள்ள 'ஆள்' யாரென்று காட்டிக்கொடுத்துவிடுகிறது, அதனால் பாட்டியைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர், அது இந்த வயதில் வேண்டாம். 'பாட்டி வாங்கினார்' என்று எழுதினால் தப்பு போடாதீர்கள், மரியாதைக்கு 'ஆர்' வரும்.

எல்லாம் பிடிபட்டதும் களத்தை மட்டும் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே ஒளிந்துகொள்ளப் படகு கிடையாது, கருங்கற்கள்தான் இருக்கும், பூனை எங்கே நுழையும் என்பதைப் பிள்ளையே எழுதட்டும்.