கியூசிஏவில் பெருக்கி இல்லாமல் ஒரு ஃபில்டர்

காரைக்குடிப் பக்கம் கியூசிஏ (குவாண்டம் புள்ளி செல்களை அடுக்கி லாஜிக் சர்க்யூட் செய்யும் முறை) புராஜெக்ட் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: ஃபில்டர் என்றதும் மல்டிபிளையர் (பெருக்கி) வரைய உட்காராதீர்கள். முதல் ஃபில்டருக்கு 1, 2, 1 என்ற குணகங்கள் போதும். அடுத்தடுத்த மூன்று மாதிரிகளை (சிக்னலை அளந்த மதிப்புகளை) இவற்றால் பெருக்கிக் கூட்டி 4ஆல் வகுத்தால் நல்ல லோ-பாஸ், அதாவது வேகமான ஏற்ற இறக்கங்களை அடக்கும் ஃபில்டர். இதையே, ‘இப்போதைய மாதிரி + முந்தைய மாதிரி’ என்று கூட்டும் ஒரே கட்டத்தை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டும் செய்யலாம், பெருக்கலே வராது. 4ஆல் வகுக்கக் கடைசி இரண்டு பிட்டை விட்டுவிட்டால் சரி.

அடிப்படை தெரிந்ததுதான். ஒரு செல்லில் நாலு குவாண்டம் புள்ளி, இரண்டு எலக்ட்ரான். அவை ஒன்றையொன்று விலக்கி எதிரெதிர் மூலைக்குப் போகும், அந்த இரண்டு நிலைதான் 0, 1. ஃபுல் ஆடருக்கு (மூன்று பிட்டைக் கூட்டும் சர்க்யூட்) மூன்று மெஜாரிட்டி கேட் (மூன்று உள்ளீட்டில் பெரும்பான்மையைத் தருவது), இரண்டு இன்வெர்ட்டர் (0, 1ஐ மாற்றுவது) போதும்.

உண்மையான வேலை கிளாக்கில் இருக்கிறது. நம் ஊர்ப் பெரிய வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகிறோமே, அதுபோல சிக்னல் நாலு கிளாக் மண்டலங்களைக் கடந்தால் ஒரு முழுச் சுற்று முடியும். அதாவது வயரே தாமதம். மதிப்பைப் பிடித்துவைக்க ஃபிளிப்-ஃபிளாப் எதுவும் வேண்டாம், சிக்னலை இரண்டு கிளையாகப் பிரித்து ஒரு கிளையை மட்டும் மற்றதைவிட நாலு மண்டலம் கூடுதலாகப் போகவிட்டால் அதுதான் முந்தைய மாதிரி. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

கேரி (கூட்டலில் அடுத்த பிட்டுக்குப் போகும் மீதி) ஏறிப்போவதால் மேல் பிட்டுகள் பிந்தி வரும். ஒவ்வொரு ஆடருக்குப் பின்னும் அதைச் சமன்செய்ய வேண்டாம். இரண்டாவது ஆடருக்கும் பிட்டுகள் அப்படிப் பிந்தி வரும் அதே வரிசைதான் வேண்டும், அதனால் முதல் உள்ளீட்டில் பிட்டுகளைப் படிப்படியாகத் தாமதப்படுத்திவிட்டு, கடைசி வெளியீட்டில் மட்டும் எல்லாம் ஒரே நேரத்தில் வரும்படி சேர்த்துக்கொள்ளுங்கள், நிறைய செல் மிச்சமாகும். 8 பிட் உள்ளே போனால் முதல் கூட்டலில் 9, அடுத்ததில் 10 பிட் ஆகும், அதற்கு இடம் விடுங்கள். அப்புறம் ஒரே மண்டலத்தில் செல்களை நீளமாக அடுக்காதீர்கள், சிக்னல் வழியில் தடுமாறும்.

கியூசிஏ டிசைனர் என்ற சிமுலேஷன் மென்பொருளில் 0, 8, 0, 8 என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். தொடக்கச் சலனம் கழிந்தபின் 4, 4, 4 என்று சீராக வரவேண்டும். வரவில்லையென்றால் கேட்டைத் தொடாதீர்கள், முதலில் இரண்டு கிளையிலும் மண்டலங்களை எண்ணுங்கள்.